கார்லோஸ் மோயா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த கார்லோஸ் மோயா? இப்போது எதற்கு அவரைப் பற்றி?

ஸ்பெயின் டென்னிஸ் என்றாலே நடால், இப்போது அல்காரஸ் என்று பேச்சு முடிந்துவிடுகிறது. இவர்களுக்கெல்லாம் முன்பு, உலகத் தரவரிசையில் முதலிடத்தைத் தொட்ட முதல் ஸ்பெயின் ஆண் வீரர் மோயாதான். 1998-இல் பிரெஞ்சு ஓபன் பட்டம் வென்றார். 1999 மார்ச்சில் நம்பர் ஒன் ஆனார். 2004, 2005 இரண்டு வருடமும் சென்னை ஓபனை வென்றார். அதற்கும் பிறகு, நடாலின் பயிற்சியாளராக அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இவ்வளவு இருந்தும், டென்னிஸ் பேசும் நண்பர்களிடம் பெயரைச் சொன்னால், "ரெண்டு வாரம் நம்பர் ஒன்னா இருந்தாரே, அவர்தானே?" என்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

மோயாவா, மொயாவா? பெயரை எப்படிச் சொல்வது?

அழுத்தம் கடைசி எழுத்தில் விழும், "மொயா...". நம் பத்திரிகைகள் முதலிலிருந்தே "மோயா" என்று எழுதிப் பழக்கிவிட்டன, நானும் அப்படியே எழுதுகிறேன். அவர் பிறந்த மயோர்க்கா தீவில் கட்டலான் மொழி பேசுகிறார்கள். அந்த மொழியில் அவர் பெயர் கார்லெஸ். நண்பர்களுக்கு 'சார்லி'.

பிறந்து வளர்ந்தது எங்கே?

1976 ஆகஸ்ட் 27, மயோர்க்காவின் தலைநகரான பால்மா. மத்தியதரைக் கடலில் இருக்கும் இந்தத் தீவு ஐரோப்பியர்களுக்கு விடுமுறைக்குப் போகிற இடம். டென்னிஸுக்கு அப்போது ஸ்பெயினில் பெயர்பெற்ற ஊர் பார்சிலோனாதான். தீவிலிருந்து ஒருவர் கிளம்பி உலகின் முதலிடத்துக்குப் போக முடியும் என்பதற்கு மோயாவுக்கு முன்னால் உதாரணம் கிடையாது.

உயரம் 1.90 மீட்டர். அந்தக் காலத்து ஸ்பெயின் வீரர்கள் பெரும்பாலும் குள்ளமாக, ஓடி ஓடிப் பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களுக்கு நடுவே இவர் தனியாகத் தெரிந்தார்.

அவருடைய ஆட்டம் எப்படி இருக்கும்?

ஒரே வார்த்தையில் சொல்வதானால், ஃபோர்ஹேண்ட், அதாவது ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது. பந்து அதற்கு மறுபக்கமான பேக்ஹேண்ட் பக்கம் வந்தால்கூட, கால்களை வேகமாக நகர்த்திச் சுற்றிப் போய், அதையும் ஃபோர்ஹேண்டாக மாற்றி எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்கு அனுப்புவார். களிமண் தரையில் பந்து மெதுவாக, உயரமாக எழும்பும். சுற்றிப் போக அவகாசம் கிடைக்கும். அவர் வென்ற 20 பட்டங்களில் 16 களிமண்ணில் வந்ததற்கு இதுதான் காரணம். உயரத்தால் சர்வும் நன்றாக வரும்.

குறை? பேக்ஹேண்ட்தான். எதிராளி அந்தப் பக்கத்தையே குறிவைத்து அடித்தால், சுற்றிப் போகும்போது மைதானத்தின் மறுபாதி திறந்து கிடக்கும். புல்தரையில் பந்து தாழ்ந்து, சறுக்கி, வேகமாக வரும். அங்கே இந்த வித்தைக்கு நேரமே இருக்காது. விம்பிள்டனில் நான்காவது சுற்றுக்கு மேல் அவர் போனதே இல்லை.

ராக்கெட் ஆர்வலர்களுக்கு ஒரு செய்தி. பாபோலா என்ற பிரெஞ்சு நிறுவனம் 1875-இலிருந்து ராக்கெட்டில் கட்டும் நரம்புகள் செய்துவந்தது. ராக்கெட் தயாரிப்பில் இறங்கியது 1994-இல்தான். அந்த ராக்கெட்டோடு முதல் கிராண்ட்ஸ்லாம் (ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன், அமெரிக்க ஓபன் என்ற நான்கு பெரிய தொடர்களில் ஒன்று) வென்றவர் மோயா. நடால் கையிலும் பிறகு அதே நிறுவனத்தின் ராக்கெட்தான்.

உலகம் அவரை எப்போது கவனித்தது?

1995-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து, அதே வருடம் நவம்பரில் புவனஸ் அயர்ஸில் முதல் பட்டம். 1996-இல் மியூனிக் அரையிறுதியில் ஆஸ்திரியாவின் தாமஸ் முஸ்டரை வீழ்த்தினார். முஸ்டர் அப்போது களிமண்ணில் தொடர்ந்து 38 ஆட்டங்கள் வென்றிருந்தார். அந்தத் தொடர் அங்கே அறுந்தது.

எல்லோர் வாயிலும் பெயர் வந்தது 1997 ஆஸ்திரேலிய ஓபனில். தரநிலை (ஒரு தொடரின் முன்னணி வீரர்களுக்குத் தரும் வரிசை எண்) கிடைக்காத இருபது வயதுப் பையன். முதல் சுற்றிலேயே எதிரில் நடப்புச் சாம்பியன் போரிஸ் பெக்கர். ஐந்து செட்டில் பெக்கரை வீட்டுக்கு அனுப்பினார். அரையிறுதியில் மைக்கேல் சாங்கை நேர் செட்களில், அதாவது ஒரு செட்டும் விடாமல், வென்றார். இறுதியில் பீட் சாம்ப்ராஸ், 6-2, 6-3, 6-3 என்று கதையை முடித்தார். மெல்போர்னின் சிமெண்ட் தரையில், நல்ல வெயிலில், ஒரு களிமண் ஆட்டக்காரர் இறுதிவரை வந்ததுதான் சேதி.

தோற்றுப்போன பிறகு மேடையில் பேசினாரே, அதை இன்றும் ஸ்பெயினில் சொல்லிச் சிரிக்கிறார்கள். "ஆஸ்தா லுவேகோ, லூகாஸ்" என்று சொல்லி இறங்கினார். "அப்புறம் பார்க்கலாம், லூகாஸ்" என்று அர்த்தம். அந்த நாட்டின் ஒரு நகைச்சுவைக் கலைஞர் தொலைக்காட்சியில் அப்போது பிரபலமாக்கியிருந்த வசனம். நம்மூர்ப் பையன் ஒருவன் வெளிநாட்டு மேடையில் வடிவேலு வசனம் சொன்னால் ஊர் எப்படித் துள்ளுமோ, அப்படித்தான் அங்கே.

1998 பிரெஞ்சு ஓபன் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்களேன்.

அந்த வருடம் வசந்த காலத்தில் மான்டி கார்லோ பட்டத்தை வென்றுவிட்டுத்தான் பாரிஸ் வந்தார். தரநிலை 12. காலிறுதியில் சிலியின் மார்செலோ ரியோஸ். அந்த வருடம் மார்ச்சில்தான் நம்பர் ஒன் ஆகியிருந்தார் ரியோஸ், பாரிஸ் அவருக்குத்தான் என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். மோயா நான்கு செட்டில் முடித்தார். என் கணக்கில் பட்டம் முடிவானது அன்றைக்குத்தான். அரையிறுதியில் சக ஸ்பெயின் வீரர் பெலிக்ஸ் மந்தியா.

இறுதியில் இன்னொரு ஸ்பெயின் வீரர், அலெக்ஸ் கொரேட்ஹா. இருவரும் நெருங்கிய நண்பர்கள். கொரேட்ஹா அந்தத் தொடரின் மூன்றாவது சுற்றில் அர்ஜென்டினாவின் எர்னான் கூமியோடு 5 மணி 31 நிமிடம் ஆடியிருந்தார். அந்த அலுப்பு இறுதிவரை ஒட்டியிருந்ததா என்பது பழைய விவாதம். இறுதி ஆட்டம் 6-3, 7-5, 6-3. ஆட்டமாகப் பார்த்தால் பெரிய விறுவிறுப்பில்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தோற்றவர் வலையைத் தாண்டிப் போய் வென்றவரைக் கட்டிக்கொண்டதுதான் மனத்தில் நிற்கிறது.

கோப்பையைக் கொடுத்தவர் பெலே! அந்த வாரம்தான் பிரான்சில் உலகக் கோப்பைக் கால்பந்து தொடங்கவிருந்தது. பெண்கள் பட்டத்தையும் ஸ்பெயினின் அராந்த்சா சான்செஸ் விக்காரியோதான் வென்றிருந்தார்.

அதே வருடம் அமெரிக்க ஓபனில் அரையிறுதி வரை போனார். அதற்குப் பிறகு எந்த கிராண்ட்ஸ்லாமிலும் காலிறுதியைத் தாண்டவில்லை என்பதும் உண்மை.

ஹனோவரில் என்ன நடந்தது?

நண்பர் பழிதீர்த்துக்கொண்டார். 1998 நவம்பரில் ஜெர்மனியின் ஹனோவரில், ஆண்டு முடிவில் முதல் எட்டுப் பேர் மோதும் தொடரின் இறுதியில் மறுபடியும் மோயா, கொரேட்ஹா. முதல் இரண்டு செட்டும் 6-3, 6-3 என்று மோயாவுக்கு. அங்கிருந்து 7-5, 6-3, 7-5 என்று கொரேட்ஹா திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். பாரிஸ் இறுதியைவிட நூறு மடங்கு நல்ல ஆட்டம். மோயா ரசிகர்கள் பேச விரும்பாத ஆட்டமும் இதுதான்.

அந்த இரண்டு வாரக் கதை என்ன?

1999 மார்ச் 15 அன்று தரவரிசையில் முதலிடம். மார்ச் 29 அன்று சாம்ப்ராஸ் திரும்பப் பிடித்துக்கொண்டார். மொத்தம் இரண்டே வாரம். அமெரிக்காவில் நடக்கும் இந்தியன் வெல்ஸ் தொடரின் இறுதிக்கு வந்ததால் கிடைத்த புள்ளிகள் அவரை மேலே ஏற்றின. வேடிக்கை என்னவென்றால், அந்த இறுதியில் அவர் மார்க் பிலிப்போசிஸிடம் ஐந்து செட்டில் தோற்றார். தோற்ற மறுநாள் காலையில் நம்பர் ஒன்.

தரவரிசை கடந்த 52 வாரப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடப்படுவது. போன வருடம் இதே வாரம் எடுத்த புள்ளி இந்த வாரம் கழியும், புதிதாக எடுத்தது சேரும். முன்னணியில் இருப்பவர்கள் நெருக்கமாக இருந்தால் ஒரே தொடரில் இடம் மாறிவிடும். 1999-இல் அப்படித்தான் இருந்தது. சாம்ப்ராஸ், மோயா, கபெல்னிகோவ், அகாசி, ராஃப்டர் என்று அந்த ஒரு வருடத்தில் மட்டும் ஐந்து பேர் முதலிடத்தில் உட்கார்ந்து எழுந்தார்கள். ராஃப்டருக்குக் கிடைத்தது ஒரே வாரம். அவரை யாரும் ஒரு வார ஆள் என்று கேலி செய்வதில்லை, கவனித்தீர்களா?

1973-இல் கணினித் தரவரிசை வந்ததிலிருந்து அதுவரை ஸ்பெயினின் எந்த ஆண் வீரரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. மோயாவுக்குப் பிறகு 2003-இல் பெரேரோ, 2008-இல் நடால், 2022-இல் அல்காரஸ்.

அதற்குப் பிறகு ஏன் சரிந்தார்?

முதுகு. 1999-இன் பிற்பகுதியில் கீழ் முதுகில் காயம். பல மாதம் ஆட முடியவில்லை. தரவரிசையில் மளமளவென்று இறங்கினார். 2000-இல், நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையை ஸ்பெயின் முதன்முறையாக வென்றபோது அணியில் அவர் இல்லை. முந்தின வருடம் உலகின் முதல் வீரர், இப்போது சொந்த நாட்டின் சரித்திர வெற்றியைத் தள்ளி நின்று பார்க்கிறார்.

காயத்துக்கு முன்பு, 1999 பிரெஞ்சு ஓபனில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்காவது சுற்றில் அகாசிக்கு எதிராக முதல் செட்டை வென்று, இரண்டாவதிலும் மோயா கைதான் ஓங்கியிருந்தது. அங்கே கோட்டைவிட்டார். அகாசி பிழைத்து, அந்தப் பட்டத்தையே வென்று, நான்கு கிராண்ட்ஸ்லாமும் வென்றவர் என்ற பெயரை எடுத்தார்.

திரும்பி வந்தாரா?

வந்தார், அதுவும் நன்றாகவே. 2002-இல் நான்கு பட்டங்கள். அதில் சின்சினாட்டி மாஸ்டர்ஸ் முக்கியம் (மாஸ்டர்ஸ் என்பவை கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்தபடியான பெரிய தொடர்கள்). அது சிமெண்ட் தரை, இறுதியில் எதிரே நின்றவர் அப்போதைய நம்பர் ஒன் லெய்டன் ஹெவிட். 2003-இல் பார்சிலோனா. 2004-இல் ரோம், இறுதியில் அர்ஜென்டினாவின் நல்பாண்டியனை 6-3, 6-3, 6-1 என்று வென்று. மான்டி கார்லோ, சின்சினாட்டி, ரோம் என்று மாஸ்டர்ஸ் பட்டங்கள் மொத்தம் மூன்று.

குரோஷியாவின் உமாக் என்ற சின்னக் கடலோர ஊரை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். அங்கே ஐந்து முறை வென்றார்: 1996, 2001, 2002, 2003, 2007. அவருடைய கடைசிப் பட்டமும் அங்கேதான்.

சென்னையில் அவருக்கு ஏன் அவ்வளவு ரசிகர்கள்?

ஜனவரி முதல் வாரம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் அரங்கம். 1997-இல் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த தொடர், 2017 வரை இங்கே நடந்தது. ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போகும் வழியில் வீரர்கள் கை கால் வார்ம் பண்ணிக்கொள்ளும் இடம் என்றுதான் பலர் வந்து போனார்கள். மோயா அப்படி ஆடியதாகத் தெரியவில்லை.

2004 இறுதியில் தாய்லாந்தின் பாரடோர்ன் ஸ்ரீசபான். அவர்தான் நடப்புச் சாம்பியன், நம் கூட்டத்துக்கும் செல்லப்பிள்ளை, கைகூப்பி வணங்கிவிட்டுத்தான் போவார். மூன்றாவது செட் டைபிரேக் (6-6 என்று சமனானால் செட்டை முடிவு செய்யும் ஆட்டம்) வரை இழுத்து மோயா வென்றார். 2005 இறுதியிலும் அதே இருவர். மறுபடியும் மூன்றாவது செட், மறுபடியும் டைபிரேக், மறுபடியும் மோயா. சிமெண்ட் தரையில் வாழ்நாள் முழுக்க அவர் வென்ற பட்டங்கள் நான்குதான். அதில் பாதி சென்னையில்.

ஆனால் 2005-ஐ நாம் டைபிரேக்குக்காக நினைவு வைத்திருக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி. அடுத்த வாரமே தொடர். அரங்கத்திலிருந்து சில கிலோமீட்டரில் கடற்கரைக் குப்பங்கள் சிதைந்து கிடந்தன, டென்னிஸ் பார்ப்பதே கூச்சமாக இருந்த வாரம் அது. மோயா வென்ற பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார்.

2006-இலும் இறுதிக்கு வந்தார், இவான் லுபிசிச்சிடம் தோற்றார்.

டேவிஸ் கோப்பைக் கணக்கு தீர்ந்ததா?

2003 இறுதியில் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் ஸ்பெயின் தோற்றது, மோயா தன் ஆட்டத்தை வென்றும். 2004 டிசம்பர், செவில்லா. பெரிய விளையாட்டரங்கத்தின் ஒரு முனையில் களிமண் கொட்டிக் களம் அமைத்தார்கள். 27,000 பேருக்கு மேல் கூட்டம். எதிரே அமெரிக்கா.

முதல் நாள் மோயா, மார்டி ஃபிஷ்ஷை வென்றார். பதினெட்டு வயது நடால், ஆண்டி ரோடிக்கை வென்று ஊரையே எழுப்பினார். மூன்றாம் நாள் கோப்பையை உறுதி செய்யும் ஆட்டம் மோயாவுக்கு விழுந்தது. ரோடிக்கை 6-2, 7-6, 7-6 என்று முடித்தார். இன்று அந்த இறுதியை நடால் வந்த நாளாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கோப்பையைக் கொண்டுவந்த வெற்றி மோயாவுடையது.

நடாலுக்கும் அவருக்கும் என்ன உறவு?

இருவரும் ஒரே தீவு. நடால் மனக்கோர் ஊர்க்காரர், பால்மாவிலிருந்து ஐம்பது கிலோமீட்டர். பத்து வயது இளையவர். நடால் சிறுவனாக இருக்கும்போதே மோயா அவரைக் கூப்பிட்டுப் பயிற்சி ஆடுவார். உலகின் முன்னணி வீரர் ஒருவர் பள்ளிக்கூடப் பையனுக்குப் பந்து அடித்துக் கொடுப்பது சாதாரண விஷயமில்லை.

2003-இல் ஹாம்பர்கில் பதினாறு வயது நடால், மோயாவை நேர் செட்களில் வென்றார். அதே வருடம் உமாக் அரையிறுதியில் மோயா திருப்பிக் கொடுத்தார். மொத்தம் எட்டு முறை மோதினார்கள். நடாலுக்கு ஆறு, மோயாவுக்கு இரண்டு.

எப்போது ஓய்வு பெற்றார்?

2010 நவம்பரில். காயம் அதற்கு முன்பே ஆட்டத்தைத் தின்றுவிட்டது, 2009-இல் பெரும்பாலும் ஆடவே இல்லை. கடைசி ஆட்டம் 2010 மே மாதம் மாட்ரிட்டில், பெஞ்சமின் பெக்கரிடம் தோல்வி.

பயிற்சியாளராக எப்படி?

தொடக்கம் மோசம். 2014-இல் ஸ்பெயின் டேவிஸ் கோப்பை அணியின் தலைமைப் பொறுப்பு. முன்னணி வீரர்கள் பலர் வரவில்லை. ஜெர்மனியிடம் தோல்வி, பிறகு பிரேசிலிடம் தோல்வி, அணி உலகப் பிரிவிலிருந்தே கீழே இறங்கியது. சில நாளில் பதவியை விட்டார்.

2016-இல் கனடாவின் மிலோஸ் ரவோனிச். அந்த வருடம் ரவோனிச் விம்பிள்டன் இறுதிக்குப் போனார், ஆண்டை மூன்றாம் இடத்தில் முடித்தார். பயிற்சியாளர் குழுவில் ஜான் மெக்கன்ரோவும் இருந்ததால் பாராட்டு பங்கு பிரிந்தது.

2016 டிசம்பரில் நடால் கூப்பிட்டார். நடால் அப்போது இரண்டு வருடத்துக்கு மேலாக கிராண்ட்ஸ்லாம் வெல்லாமல் இருந்தார். காயம் வேறு. கதை முடிந்தது என்று எழுதியவர்கள் நிறைய. சர்வை வலுவாக்குவது, முதல் சில அடிகளிலேயே முன்னேறித் தாக்குவது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓடுவதைக் குறைப்பது: முப்பது வயதைத் தாண்டிய உடம்புக்கு ஏற்ற மாதிரி ஆட்டம் மாறியது. மோயா வந்த பிறகு நடால் வென்ற கிராண்ட்ஸ்லாம்கள் எட்டு: பிரெஞ்சு ஓபன் ஐந்து, அமெரிக்க ஓபன் இரண்டு, 2022 ஆஸ்திரேலிய ஓபன். இந்த எட்டும் மோயாவால்தான் என்று சொல்ல மாட்டேன், நடால் நடால்தான். ஆனால் அப்பாவின் உடன்பிறந்தவரான டோனியிடம் சிறுவயதிலிருந்து கற்ற ஆட்டத்தை மாற்றச் சொல்ல, நடால் காதுகொடுக்கும் ஆளாக ஒருவர் வேண்டும். சிறுவயதில் பந்து அடித்துக் கொடுத்த ஊர் அண்ணனைவிட அதற்கு யார் பொருத்தம்? 2024 நவம்பரில் நடால் ஓய்வு பெறும்வரை மோயா கூடவே இருந்தார்.

பெடரரை வென்றிருக்கிறாரா?

இல்லை. ஏழு முறை மோதி ஏழும் தோல்வி. அடுத்த கேள்வி.

அவருடைய ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் எது?

வென்ற ஆட்டங்களைச் சொல்வேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் சொல்வது அவர் தோற்ற ஆட்டம். 2008 ஜனவரி, சென்னை ஓபன் அரையிறுதி, நுங்கம்பாக்கம். மோயாவுக்கு 31 வயது, நடாலுக்கு 21. மூன்று செட்டும் டைபிரேக். முதலாவது மோயாவுக்கு. இரண்டாவது டைபிரேக்கில் வெற்றிப் புள்ளி கைக்கு வந்து வந்து நழுவியது, நடால் 10-8 என்று தப்பித்தார். மூன்றாவதில் மோயாவின் கால்கள் கேட்கவில்லை, 7-1. மொத்தம் 3 மணி 54 நிமிடம்.

மறுநாள் இறுதியில் நடால் அசையக்கூட முடியாமல் மிகயில் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். முந்தின இரவு மோயா அவரை எந்த அளவுக்குப் பிழிந்து எடுத்தார் என்பதற்கு அந்த ஸ்கோரைப் பார்த்தால் போதும்.